மோட்டார்ஹோம் ஏசியைக் காலையிலேயே போடுங்கள்

ஜூலையில் அமெரிக்காவின் பாலைவன மாநிலமான அரிசோனா பக்கம் மோட்டார்ஹோமில், அதாவது வீடு மாதிரி வசதியுள்ள வண்டியில், போகிறீர்களா? கூரை ஏசியைக் காலை எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள். அது உள்ளிழுக்கும் காற்றைவிட வெளியே தள்ளும் காற்று சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட்தான் குறைவாக இருக்கும். வண்டி கொதித்த பிறகு மதியம் போட்டால், சுவரும் மெத்தையும் ஆறவே சாயங்காலம் ஆகிவிடும், பாவம் குழந்தைகள்.

அப்புறம் அந்த ஃபில்டர். உட்கூரையில் இருக்கும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பாலைவனத் தூசியும் நாய் முடியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் காற்று வரும் வேகமே வேறு. முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு கட்டாயம். வண்டியை நிறுத்தும் இடத்தில் கிடைப்பது 30 ஆம்ப் மின் இணைப்பு என்றால் ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் வேண்டாம், பிரேக்கர் ட்ரிப் ஆகிவிடலாம்.