"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்பதற்கு முன்னால்

வெள்ளிக்கிழமை ராத்திரி போட்ட சாஃப்ட்வேர் ரிலீஸ் சொதப்பி, விடியற்காலை நாலு மணி வரை உட்கார்ந்து சரிசெய்துவிட்டுக் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். அப்போதுதான் டீமுக்குப் புதிதாக வந்திருந்த பையன் மெதுவாகச் சொன்னான், "அண்ணா, இது இப்படித்தான் ஆகும்னு புதன்கிழமையே தெரியும்." எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப மீட்டிங்ல ஏன்டா வாயத் தொறக்கல?" அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "போன வாரம் ஒண்ணு கேட்டேன்ல, நீங்க 'டாக்குமென்ட் படிச்சியா'ன்னு கேட்டீங்க, எல்லாரும் சிரிச்சாங்க" என்றான்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவனுக்கு மறக்கவில்லை. டீம் லீடாக நான் செய்த தவறுகளில் இதைத்தான் முதலில் எழுதவேண்டும்.

சைக்கலாஜிக்கல் சேஃப்டி என்று ஹெச்.ஆர். ஆட்கள் ஸ்லைடு போடுகிறார்களே, அது வேறொன்றுமில்லை, வாயைத் திறந்தால் வம்பு வராது என்ற நம்பிக்கைதான். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராயப் போனார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்கு, நல்ல டீம்களில்தான் தவறுகளின் எண்ணிக்கை அதிகமாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், அங்கே தவறு கூடுதலாக நடக்கவில்லை, நடந்ததை மறைக்காமல் சொன்னார்கள். பிறகு ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சு பெரிதாகப் பரவியது. ஆகவே "எங்க டீம்ல பிரச்சினையே இல்ல சார்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இப்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்த தவறு, "என் கேபின் கதவு எப்பவும் திறந்தே இருக்கும்" என்று அறிவித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது. கதவை யாரும் பார்ப்பதில்லை. கடைசியாக உள்ளே போனவன் என்ன முகத்தோடு வெளியே வந்தான் என்பதைத்தான் பார்க்கிறார்கள். கெட்ட செய்தி சொல்லப்பட்ட முதல் பத்து நொடியில் நம் வாயிலிருந்து வருவது என்ன என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. ஒரு உதாரணம். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலையம், கடும் மூடுபனி. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானம் புறப்பட ஓட ஆரம்பித்துவிட்டது. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானமும் இருந்தது. காக்பிட்டில் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர், அந்தப் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்கிறார். கேப்டன் கே.எல்.எம். நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். விலகியாச்சு என்று அடித்துச் சொல்கிறார். கேட்டவர் அதற்குமேல் பேசவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் செத்தார்கள். விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, பனி, குழப்பமான ரேடியோப் பேச்சு என்று. ஆனாலும் அந்த ஒரு கேள்வியும் அந்த ஒரு பதிலும் இன்றைக்கும் எத்தனையோ மீட்டிங்குகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது, செலவு மட்டும் வேறு.

இதைப் படித்துவிட்டு யாரிடமும் எதையும் கறாராகச் சொல்லக்கூடாது போல என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வேலை சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லத்தான் வேண்டும். தனியாக, வேலையைப் பற்றி மட்டும். அவ்வளவுதான்.

சரி, உறவு. நாம் எல்லாரோடும் நெருக்கமாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். பதினொரு மணி டீக்கு யார் யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அதே நாலு பேர், பெரும்பாலும் ஆண்கள், நம் ஊர்ப்பக்கம் அல்லது நம் காலேஜ். போகட்டும், டீ குடிப்பது குற்றமில்லை. ஆனால் அடுத்த ப்ராஜெக்ட் யாருக்கு என்பது அந்தத் தம்மிலும் டீயிலும் முடிவாகி, மதிய மீட்டிங்கில் வெறும் அறிவிப்பாக வரும்போது, கூப்பிடப்படாதவர்களுக்கு எல்லாம் புரிந்துவிடும். அப்புறம் இந்த "உங்களுக்கு எந்த ஊரு?" விசாரணை. ஊரைக் கேட்டு, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு, குலதெய்வம் வரை போகும்போது எதிரில் இருப்பவருக்குத் தெரியாதா நாம் என்ன தேடுகிறோம் என்று? பழக்கம் பிடிக்கத்தான் கேட்டேன் என்று சமாளிக்க வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்டும் பழகலாம்.

மொழி விஷயத்தை யாருமே பேசுவதில்லை. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர் இங்கிலீஷ் மீட்டிங்கில் வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். "ஹி இஸ் வெரி கொயட்" என்று அப்ரைசலில் எழுதிவிடுகிறோம். அவர் கொயட் எல்லாம் இல்லை, டீக்கடையில் வந்து பாருங்கள். மறுபக்கம், மீட்டிங்கில் ஒரே ஒரு ஒடியா பெண் இருக்கும்போது நாம் தமிழில் ஜோக்கடித்துச் சிரிக்க, அவர் எதற்கென்றே தெரியாமல் சும்மா சிரித்து வைப்பார். பேசவேண்டியதை முந்தின நாளே எழுதி அனுப்பினேன், தமிழில் சொல்லலாம், தெரியாதவர்களுக்கு நான் சொல்கிறேன் என்றேன். இரண்டு மாதம் பிடித்தது, ஆனால் வேலை செய்தது.

பெயர் போடாத சர்வே என்று ஒன்று எடுப்பார்கள். எட்டுப் பேர் இருக்கும் டீம். முடிவு வந்ததும் "இது யார் எழுதியிருப்பா?" என்று மேனேஜர் சும்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும், அடுத்த வருஷம் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பதும் ஈ.சி.ஆர். ரிசார்ட் அவுட்டிங்கும் பற்றித் தனியாகவே எழுதலாம். குடும்பத்தில் பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்டா வளர்ந்தோம்? வருஷத்துக்கு ஒரு நாள் கயிறு இழுப்பதைவிட, வாரம் பத்து நிமிஷம் ஒருவரோடு தனியாக உட்கார்வதுதான் பலன் தரும், அதையும் மூன்று தடவை தள்ளிப்போட்டால் நாலாவது தடவை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். பேச வைக்கச் சின்ன வழியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட ஆபரேஷன் தியேட்டர் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும் என்றே ஒரு வரி இருக்கிறது. ஒரு தடவை பேசிவிட்ட வாய் இரண்டாவது தடவை சுலபமாகத் திறக்கும்.

கடைசியாக, சட்டத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு மறப்பது. பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்கவேண்டும், ஒரு பெண் தலைமையில், பாதிப் பேராவது பெண்களாக, வெளியிலிருந்து ஒருவரோடு. உங்கள் ஆபீஸில் அந்த வெளி உறுப்பினர் யார்? நான் கேட்டுப் பார்த்தபோது, போஸ்டரில் இருந்த நம்பர் வேலையை விட்டுப் போய்விட்டவருடையது.

அந்தப் பையன் இப்போதும் மீட்டிங்கில் அதிகம் பேசுவதில்லை. போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தான். "அண்ணா, ஒரு சின்ன டவுட்." திறந்து பார்த்தேன். சின்னதாக இல்லை. மறுநாள் போகவேண்டிய ரிலீஸை நிறுத்தினோம்.