பிலிம் கேமராவில் ஒளிக்கசிவு: பின்கதவு நுரையை நாமே மாற்றலாம்

படங்களின் ஓரத்தில் செம்மஞ்சள் கோடு விழுகிறதா? லென்ஸைச் சந்தேகிப்பதற்கு முன் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை படச்சட்டத்தைத் தாண்டி ஓரத் துளைகள் வரை போயிருந்தால், ஒளி பெரும்பாலும் பின்கதவு வழியாகத்தான் புகுந்திருக்கும். கலர் பிலிமில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில் இருக்கிறது. முதுகுப்பக்கம் வரும் ஒளி முதலில் அதைத்தான் தாக்கும். அந்தச் செந்நிறம் அதனால்தான். கறை சட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் கோளாறு வேறு. கீழே உள்ளது எதுவும் அதற்கு உதவாது.

ஒலிம்பஸ் ட்ரிப் 35, கேனோனெட் போன்ற பழைய சிறிய கேமராக்களில் கதவு பொருந்தும் பள்ளங்களில் ஒளி புகாமல் அடைக்கப் பாலியூரித்தேன் நுரை இருக்கும். வயதாக ஆக அது கருந்தாராக உருகிவிடும். யாருடைய கேமராவானாலும் இதுதான் கதி.

1. பழைய நுரையை எடுத்தல்

முக்கால்வாசி வேலை இதுதான். பல் குத்தும் மரக்குச்சியின் முனையைப் பட்டையாகச் சீவி, பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தள்ளிக்கொண்டு போங்கள். உலோகக் கருவி வேண்டாம். உள்பக்கக் கறுப்புப் பெயின்ட்டைச் சுரண்டிவிடும். பெரிய துண்டுகள் வந்தபின் பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தொட்டுத் துடையுங்கள். தொட்டு என்றால் தொட்டுதான். சொட்டினால் கரைந்த பசை ஓடிப்போய் ஷட்டர் இதழ்களை ஒட்டவைத்துவிடும். பிறகு கேமராவை முழுவதும் பிரிக்க வேண்டியதுதான். இதைத் தவிர்க்கக் கேமராவைக் கவிழ்த்து, திறந்த பின்பக்கம் தரையைப் பார்க்கும்படி பிடித்து, கீழிருந்து துடையுங்கள். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. ஷட்டர்மேல் ஒரு காகிதத் துண்டையும் மூடி வையுங்கள்.

பஞ்சு வெள்ளையாகவே திரும்பும்வரை நிறுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் பிசுக்கின்மேல் புதிது எதுவும் ஒட்டாது.

2. புதியதை வைத்தல்

நீளமான குறுகிய பள்ளங்களுக்கு நான் நுரையே வாங்குவதில்லை. கறுப்புக் கம்பளி நூலை அழுத்தி வைத்தாலே போதும். அது உருகாது, பசையும் வேண்டாம். நூல் பிசிறு விட்டால் எம்பிராய்டரி நூலுக்கு மாறுங்கள். கீல் பக்கத்துக்கு மட்டும் ஒட்டும் பசையுள்ள மெல்லிய நுரை அல்லது வெல்வெட். பசைப்பக்கத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்துவிட்டு வையுங்கள். உடனே ஒட்டாமல் வழுக்கும் என்பதால் சாமணத்தால் நகர்த்தி நேராக்கலாம், காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். கதவை மூட விரலால் அமுக்க வேண்டியிருந்தால் நுரை தடிமன் அதிகம். பூட்டு நெளிவதற்குள் மாற்றிவிடுங்கள்.

3. சோதனை

டார்ச் அடித்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு பிலிம் போட்டு, முதல் பாதியைக் கதவு விளிம்பு முழுவதும் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி எடுங்கள். மறுபாதியை டேப் இல்லாமல், கேமராவை வெயிலில் காட்டி எடுங்கள். இரண்டாம் பாதியில் மட்டும் கோடு வந்தால் இன்னும் இடைவெளி இருக்கிறது.

கையோடு பேட்டரி அறையையும் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சி, பின்னர் ஆல்கஹால். ஆனால் ஃபிளாஷ் உள்ளே அமைந்த கேமராவில் ஸ்க்ரூ எதையும் கழற்றாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷ் மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

பின்சேர்க்கை: நுரை மாற்றியபின் பட எண்ணி பூஜ்ஜியத்துக்குத் திரும்பவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் எண்ணியை விடுவிக்கும் சிறிய ஊசி பல கேமராக்களில் அந்தப் பள்ளத்திலோ பக்கத்திலோதான் இருக்கிறது. நூல் அதை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் நூலை வெட்டி, ஊசி தடையின்றி மேலே வருகிறதா என்று பாருங்கள்.