கையடக்க ஜிபிஎஸ்-க்கு மெமரி கார்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைக்கு நடக்கப் போகும் எங்கள் குழுவில் வருடா வருடம் புது ஆட்கள் சேர்கிறார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே வரைபடம் காட்டும் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று, கார்மின் இட்ரெக்ஸோ ஜிபிஎஸ்மேப் 64-ஓ, பெரும்பாலும் யாராவது வைத்திருந்து விற்றது, கைக்கு வந்துவிடும். அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணா, எத்தனை ஜிபி கார்டு போடணும்?” பதில் சொல்வதற்குள் கடைக்குப் போய் வாங்கியும் விடுகிறார்கள். எங்களில் பழையவர்கள் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டதையே இவர்களும் திரும்ப ஒருமுறை பட வேண்டுமா என்றுதான் இதை எழுதுகிறேன். கார்டைத் தலைகீழாகச் செருகுவது, காப்பி ஆகும்போதே கேபிளைப் பிடுங்குவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடையில் இருப்பதிலேயே பெரிய கார்டை வாங்குவது

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இந்தத் தவறைப் பார்த்தால்தான். “இன்னும் கொஞ்சம் ராண்ட் போட்டால் இரண்டு மடங்கு இடம் கிடைக்குதே” என்று கடைக்காரர் சொல்வார், கேட்பவருக்கும் அது நியாயமாகப் படும். போனுக்கு வாங்கினால் நியாயம்தான். ஜிபிஎஸ் கருவி போன் இல்லை.

மைக்ரோ எஸ்டி கார்டுகள் வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று சாதி. 2 ஜிபி வரை பழைய எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி, இது 2006-இல் வந்தது, ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அதற்கும் மேலே 64 ஜிபி, 128 ஜிபி என்று போவதெல்லாம் 2009-இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி. கடையிலிருந்து வரும்போதே எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் இருக்கும். நம் கையில் புழங்கும் கையடக்கக் கருவிகளில் பெரும்பாலானவை ஃபேட்32-ஐ மட்டும்தான் படிக்கும், 32 ஜிபிதான் அவற்றின் எல்லை. 128 ஜிபி கார்டை அப்படியே செருகினால் கருவி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. சில சமயம் ஒரு எச்சரிக்கை கூட வராது, அதுதான் ஆபத்து.

இதற்கு ஒரு வழி உண்டு என்று யாராவது சொல்லிவிடுவார்கள். விண்டோஸில் வலது க்ளிக் செய்து ஃபார்மேட் பெட்டியைத் திறந்தால் 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கு ஃபேட்32 என்ற தேர்வே வராது, ஆனால் தனி மென்பொருள் ஒன்றை இறக்கி அதைக் கொண்டு மாற்றிவிடலாம். மாற்றினால் சில கருவிகளில் வேலையும் செய்யும். வீட்டில் ஒரு சின்ன வரைபடத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று கிளம்பிவிடுவார்கள்.

எங்கள் குழுவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்துப் பகுதித் தம்பி ஒருவர் செய்தது அச்சு அசல் இதுதான். வார இறுதிச் சந்தையில் 128 ஜிபி என்று அச்சிட்ட கார்டு ஒன்றை, நல்ல கடையில் 16 ஜிபி கார்டு விற்கும் விலைக்கு வாங்கி, ஃபேட்32 ஆக்கி, முதலில் குவாசுலு-நட்டால் சாலை வரைபடம், அப்புறம் நமீபியா, போட்ஸ்வானா, மொசாம்பிக், கூடவே பாட்டு, படம் என்று நிரப்பி, கடைசியாகத்தான் மலைக்கு வேண்டிய உயரக்கோட்டு வரைபடத்தை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்துக் காட்டுவது) ஏற்றியிருந்தார். சாட்ஸ்வொர்த்தில் தன் வீட்டுத் தெரு திரையில் அழகாகத் தெரிந்தது, அதற்கு மேல் அவர் எதையும் பார்க்கவில்லை. சென்டினல் சிகரத்தின் பக்கமாக ஏறி, சங்கிலி ஏணிகளைத் தாண்டி, ஆம்பிதியேட்டர் என்ற பாறைச் சுவரின் மேல்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். துகேலா அருவி 948 மீட்டர் விழும் அந்த விளிம்பு சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் இருப்பது தெரியாது, ஏணி தொடங்கும் இடத்துக்குத் திரும்பி வருவதுதான் அங்கே உயிர்ப் பிரச்சினை. அன்றைக்கும் இறங்கியது. தம்பி கருவியை எடுத்து ஜூம் செய்தார். வெளிர்ந்த வெறுந்திரை, நடுவில் எங்களைக் காட்டும் சின்ன அம்புக்குறி, கீழே அளவுகோலுக்குப் பக்கத்தில் ‘ஓவர்ஜூம்’ என்ற ஒரே சொல், அதாவது இவ்வளவு நெருக்கத்தில் காட்ட வரைபடத்தில் விவரம் இல்லை. ஒரு உயரக்கோடு இல்லை, ஒரு நடைபாதை இல்லை. இன்னொருவர் கையில் 8 ஜிபி கார்டு போட்ட பழைய இட்ரெக்ஸும் என் பையில் தாள் வரைபடமும் இருந்ததால் ஏணி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து இறங்கினோம்.

ஊருக்கு வந்து அந்தக் கார்டைச் சோதித்தால், அது 128 ஜிபியே இல்லை. உள்ளே இருந்தது 8 ஜிபிதான். போலிக் கார்டில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருப்பார்கள், கணினி கேட்டால் 128 என்று சொல்லும். உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே விழும். கோப்பின் பெயர்கள் மட்டும் கார்டின் தொடக்கப் பகுதியில் பதிவாகிவிடுவதால் பட்டியலைப் பார்த்தால் எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தெரியும். முதலில் போட்டது பிழைக்கும், கடைசியாகப் போட்டது போகும். சிறிய கார்டிலும் போலி உண்டு, ஆனால் பெரிய எண்ணைத் தேடிப் போகிறவர்தான் அதிகம் மாட்டுகிறார்.

அதனால் கார்டு வாங்கியதும் முதல் வேலை அதை முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பது. விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கும் மேக்குக்கும் எஃப்3, இரண்டும் இலவசம். கொஞ்ச நேரம் பிடிக்கும், பரவாயில்லை. வரைபடத்தை ஏற்றியபின் கேபிளைக் கழற்றிவிட்டு, போகப்போகிற மலைக்கே திரையை நகர்த்தி, 120 மீட்டர் அளவுக்கு ஜூம் செய்து உயரக்கோடுகள் வருகின்றனவா என்று பாருங்கள். உங்கள் தெரு தெரிவது எதற்கும் சாட்சி இல்லை.

சரி, எவ்வளவுதான் வாங்குவது? வரைபடக் கோப்பின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் கார்டைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கும் லெசோத்தோவுக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்திலிருந்து செய்த கார்மின் வரைபடம் சில நூறு எம்பிதான் வரும். மலை நடைக்கு 8 ஜிபி தாராளம். கடையில் 8 கிடைக்கவில்லை என்றால் 16. காரில் நமீபியா வரை போகிறவர், செயற்கைக்கோள் படங்களை ஏற்றுகிறவர் 32-க்குப் போகலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

டிராக் பதிவுக்கு இடம் போதாது என்று பயப்படுவது

டிராக் என்பது நாம் நடந்த பாதையைக் கருவி புள்ளி புள்ளியாகப் பதிவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு ஒரு புள்ளி என்று பத்து மணி நேரம் நடந்தால் 36,000 புள்ளி. இந்தப் பதிவைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பில் உயரமும் நேரமும் சேர்த்து ஒரு புள்ளி ஏறக்குறைய 110 எழுத்து. மொத்தம் 4 எம்பி. ஒரு ஜிபியில் இப்படி இருநூற்றுச் சொச்சம் நாள் அடங்கும்.

உண்மையான எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. இட்ரெக்ஸ் 30, ஜிபிஎஸ்மேப் 64 போன்றவற்றில் நடப்பு டிராக்குக்கு 10,000 புள்ளி, சேமித்த டிராக் 200. இது கருவியின் எல்லை, நீங்கள் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் ஏறாது. நொடிக்கு ஒன்று என்று வைத்தால் 10,000 புள்ளி மூன்று மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பதிவு முறையை ‘ஆட்டோ’வில் வையுங்கள், தானாகக் காப்பகப்படுத்தும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். தாள் வரைபடத்தை நாமே ஸ்கேன் செய்து கேஎம்இசட் என்ற கோப்பு வகையாக்கி ஏற்றும் படங்களுக்கும் இதே கதைதான், பல கருவிகள் 100 துண்டுக்கு மேல் காட்டாது.

இடம் இருக்கிறதே என்று எல்லா வரைபடத்தையும் ஏற்றுவது

கருவியை ஆன் செய்யும்போது அது கார்டில் உள்ள வரைபடங்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுத்தான் எழும். நிறைய ஏற்றினால் நிறைய நேரம், சில சமயம் ‘லோடிங் மேப்ஸ்’ என்ற இடத்திலேயே உறைந்துவிடும். பழைய ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் 2,025 வரைபடத் துண்டுகளுக்கு மேல் ஏற்காது, கார்டில் பாதி இடம் காலியாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்க்கலாம் என்று பார்த்தால் ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. போகும் இடத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள், ‘கார்மின்’ என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள். பெரிய கோப்பைக் கருவியின் கேபிள் வழியாக அனுப்பிக்கொண்டு உட்காராமல் கார்டைக் கழற்றி ரீடரில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

வேகத்துக்குக் கூடுதல் காசு

வேண்டாம். சாதாரண வேகமே வரைபடத்துக்குப் போதும்.

பெரியப்பா கொடுத்த பழைய கருவிக்குப் புதுக் கார்டு

எஸ்டிஎச்சி வருவதற்கு முன் வடிவமைத்த கருவி என்றால் 2 ஜிபி கார்டைத் தேடிப் பிடியுங்கள், வேறு வழியில்லை.

ஒரே கார்டோடு கிளம்புவது

இட்ரெக்ஸிலும் ஜிபிஎஸ்மேப் 64-இலும் கார்டு பேட்டரிக்கு அடியில் இருக்கிறது. மழையில் பேட்டரி மாற்றும்போது புல்லில் விழுந்தால் போனதுதான். ஒரு 16-க்குப் பதில் இரண்டு 8 வாங்கி, இரண்டிலும் ஒரே வரைபடத்தை ஏற்றி, இரண்டையும் கருவியில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு முதலுதவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.