ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த எஞ்சின் ஆயில், எவ்வளவு செலவு: சிங்கப்பூர் உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர், காரின் விலையோடு வாகன உரிமைச் சான்றிதழுக்கும் பெருந்தொகை கட்டிவிட்டுத்தான் சாவியைக் கையில் வாங்குகிறார். அந்த எஞ்சினைப் பத்து ஆண்டுகளுக்கும், சான்றிதழைப் புதுப்பித்தால் அதற்கு மேலும், நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டிய தேவை வேறு எந்த ஊர்க்காரரையும்விட அவருக்கு அதிகம். ஆனாலும் ஆயில் மாற்றும் நாளில் பலர் டப்பாவில் உள்ள நிறுவனப் பெயரையும் விலையையும் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். கார் உற்பத்தியாளர் அங்கீகரித்த ஆயிலை வாங்கி, கையேடு தரும் உச்ச வரம்புக்குச் சற்று முன்னதாகவே மாற்றிவிடுவதுதான் இவ்வூர்ச் சாலைகளுக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. பந்தயத்துக்கென விற்கப்படும் ஆயிலுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தால் பெரும்பாலானோருக்குப் பயனில்லை.

முதலில் டப்பாவில் உள்ள எண்களைப் பார்ப்போம். 5டபிள்யூ-40 என்பதில் ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண், கடுங்குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் குறிக்கிறது. விடியற்காலையில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது மிக அரிதான இந்தத் தீவில் 0டபிள்யூ, 5டபிள்யூ இரண்டுக்கும் இடையே நடைமுறையில் உணரக்கூடிய வேறுபாடு ஏதுமில்லை. பின்னால் வரும் எண் 100 டிகிரி செல்சியசில் ஆயிலின் பாகுத்தன்மையைச் சொல்கிறது. அதையும் தாண்டி, 150 டிகிரி வெப்பத்திலும் வேகமாகச் சுழலும் பாகங்களின் இழுவிசையிலும் ஆயில் எவ்வளவு தடிமனான படலமாக நிற்கும் என்பதற்குத் தனி அளவு உண்டு. 20 தர ஆயிலுக்கு அது குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-நொடி (பாகுத்தன்மையின் அலகு), 30 தரத்துக்கு 2.9, 0டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 தரத்துக்கு 3.5 என்று வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇ வரையறுத்திருக்கிறது. எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்கில் உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது இந்தப் படலம்தான் என்பதால், ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் கவனிக்க வேண்டிய அளவு இதுவே.

அதற்காகத் தடிமனான ஆயில்தான் சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சினின் இடைவெளிகள், ஆயில் பம்ப், வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு ஆகிய அனைத்தும் குறிப்பிட்ட ஒரு பாகுத்தன்மையை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. டொயோட்டா ஜிஆர்86 காருக்கு 0டபிள்யூ-20, நிசான் ஜிடி-ஆர் ஆர்35 காருக்கு மோபில் 1 0டபிள்யூ-40, டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி) இல்லாத வி8 எஞ்சினோடு வந்த பிஎம்டபிள்யூ எம்3 காருக்கு 10டபிள்யூ-60 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே எம்3 அடுத்த தலைமுறையில் டர்போவுக்கு மாறியபோது ஆயிலும் மெல்லியதாகிவிட்டது. ஆகவே “பிஎம்டபிள்யூ எம் வரிசைக் காரென்றால் 60 தர ஆயில்தான்” என்று பட்டறையில் யாராவது சொன்னால், எந்த எஞ்சினுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாகுத்தன்மைக்கு அடுத்ததாகப் பார்க்க வேண்டியது உற்பத்தியாளரின் அங்கீகாரம். போர்ஷேவின் ஏ40, பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-01, மெர்சிடிஸ் பென்சின் 229.5 போன்ற குறியீடுகள் டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் குறியீட்டோடு ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றிருந்தால் கார் நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்ட ஆயில் அது. ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்றோ ‘தரத்துக்கு ஏற்றது’ என்றோ மட்டும் இருந்தால், அது ஆயில் நிறுவனம் தானே சொல்லிக்கொள்வது. பந்தய ஆயில்கள் பலவற்றில் இத்தகைய அங்கீகாரமே இருப்பதில்லை. அவற்றில் தேய்மானத்தைத் தடுக்க அதிகமாகச் சேர்க்கப்படும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் காலப்போக்கில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பாதிக்கக்கூடும் என்பதையும் கருத வேண்டும். நேரடி எரிபொருள் செலுத்தும் டர்போ எஞ்சின்களில், குறைந்த சுழற்சியில் திடீரென முடுக்கும்போது, தீப்பொறிக்கு முன்பே எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. அதைக் கருத்தில் கொண்டு 2020-இல் நடைமுறைக்கு வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏபிஐ எஸ்பி தரம், புதிய டர்போ கார் வைத்திருப்பவர்கள் டப்பாவில் தேட வேண்டிய மற்றொரு குறியீடு.

இனி, கார் இங்கே எப்படி ஓடுகிறது என்பதற்கு வருவோம். விரைவுச்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. காலையிலும் மாலையிலும் மத்திய விரைவுச்சாலையிலும் தீவு விரைவுச்சாலையிலும் அந்த வேகமும் கிடைப்பதில்லை. நெரிசலில் நின்று நின்று போவது, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பது, வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் உள்ள உணவங்காடிக்குப் போய் வருவது ஆகியவை எஞ்சினுக்கு எளிதான வேலைகளாகத் தோன்றலாம். உண்மையில், உற்பத்தியாளர்களின் கையேடுகள் இவற்றைக் கடும் பயன்பாட்டு வகையில்தான் சேர்க்கின்றன. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சில நிமிடங்களில் சூடாகிவிட்டாலும் ஆயில் முழு வெப்பத்தை எட்ட அதைவிட நெடுநேரம் பிடிக்கிறது. அதற்குள் காரை நிறுத்திவிட்டால், சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகி வெளியேற வாய்ப்பின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன.

இதை உங்கள் கண்ணாலும் மூக்காலும் சோதித்துப் பார்க்கலாம். ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக் கம்பி உள்ள கார் என்றால், சமதளத்தில் நிறுத்திக் கம்பியை உருவி, நுனியில் உள்ள துளியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் வாசம் தூக்கலாக அடித்தாலோ, யாரும் ஊற்றாமலேயே அளவு முன்பைவிட உயர்ந்திருந்தாலோ, ஆயில் நீர்த்துவிட்டது என்று பொருள். கிலோமீட்டர் கணக்கு என்ன சொன்னாலும் மாற்றிவிடுங்கள். கறுத்துப்போன நிறம் மட்டும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் அழுக்கைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வதும் ஆயிலின் வேலைதான். கையேடு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று சொன்னாலும், குறுந்தொலைவே ஓடும் டர்போ காருக்கு 7,000 அல்லது 8,000 கிலோமீட்டரில் மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 10,000 கிலோமீட்டர் போதும். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் காராக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போய் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு வேறு. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் நீண்ட நேர்வழிகளும் வெப்பமண்டலக் காற்றும் சேர்ந்து ஆயில் வெப்பத்தை 120 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். 130-ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று மெதுவாக ஓட்டிவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். கடும் சுமையில் ஓட்டும்போது ஒரு படி தடிமனான ஆயில் பொருந்தலாம் என்று சில கார்களின் கையேடுகளே சொல்கின்றன. உங்கள் கையேடு அப்படி அனுமதித்தால் மட்டும் மாற்றுங்கள். தடத்திலிருந்து திரும்பியபின் அடுத்த தவணை வரை காத்திராமல் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் கொள்ளளவுதான். சாதாரணக் காருக்கு நான்கு லிட்டர் போதும் என்றால், போர்ஷே 911 போன்ற கார்களுக்கு ஏறக்குறைய இருமடங்கு தேவைப்படும். கணக்குக்காக லிட்டர் 28 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். எட்டு லிட்டருக்கு 224 வெள்ளி, ஃபில்டருக்கு 40 வெள்ளி, வேலைக்கூலிக்கு 60 வெள்ளி என்றால் மொத்தம் 324 வெள்ளி. 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும்போது 353 வெள்ளியைத் தாண்டும். எனவே தொலைபேசியில் விலை கேட்கும்போது எத்தனை லிட்டர், ஃபில்டர் அசலா, வரி சேர்ந்த விலையா என்ற மூன்றையும் கேளுங்கள். எஞ்சின் நடுவில் உள்ள கார்களில் அடித்தட்டைக் கழற்றவே நேரம் ஆகும் என்பதால் கூலி கூடுவது நியாயமே. “எஞ்சினைக் கழுவும் திரவம்” என்று கூடுதலாக விற்கப்படுவதை மறுத்துவிடலாம். தவறாமல் ஆயில் மாற்றப்பட்ட எஞ்சினுக்கு அது தேவையில்லை.

உத்தரவாதம் போய்விடும் என்று பயந்து கார் விற்பனை முகவரின் பட்டறைக்கே போகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இங்குள்ள முக்கியக் கார் விற்பனையாளர்கள், தங்கள் பட்டறையில் மட்டுமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை உத்தரவாதத்திலிருந்து நீக்கிவிட்டதாகப் போட்டித்தன்மை ஆணையம் 2017 டிசம்பரில் அறிவித்தது. சின் மிங்கிலோ ஊபியிலோ உள்ள தனிப்பட்டறைக்கு நீங்கள் போகலாம். ஆனால் தவறான ஆயிலால் பழுது ஏற்பட்டதென்றால் அந்தப் பழுதுக்கு உத்தரவாதம் செல்லாது என்பதால், ஆயிலின் முழுப்பெயர், தரம், அங்கீகாரக் குறியீடு, ஓடிய கிலோமீட்டர் ஆகியவற்றை ரசீதில் எழுதி வாங்குங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் ஆயிலில் போலிகளும் கலந்திருப்பதால், வாங்கும் இடத்தை ஆராய்ந்தே வாங்க வேண்டும்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கையில் வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். டப்பாவின் முத்திரை உங்கள் முன்னால் உடைக்கப்பட வேண்டும். வடிகால் திருகுக்குப் புதிய வாஷர் போட வேண்டும். திருகைக் கையின் கணிப்பில் அல்லாமல், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். அளவு பார்க்கும் முறை காருக்குக் கார் மாறும். போர்ஷே 911-இன் சில மாடல்களில் எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க முடியும். அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் குறையாக ஊற்றுவதைப் போலவே கெடுதல் செய்யும். வீட்டில் நீங்களே மாற்றினால் பழைய ஆயிலைக் கால்வாயில் ஊற்றுவது குற்றம் என்பதை மறக்காமல், மூடிய கலனில் எடுத்துச்சென்று, அதை ஏற்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். மறுநாள் காலை காரை எடுக்கும் முன் அடியில் ஓர் அட்டையை விரித்துச் சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டு, அளவை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.