எல்டிஎல் 190-ஐத் தாண்டி, கழுத்துக் குழாயிலும் அடைப்பு இருந்தால்

ஐம்பது வயதுக்காரருக்கு எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 190-க்கு மேல் போய்விட்டால், எண்ணெயைக் குறைத்துப் பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. பத்தியத்தில் இறங்குவது கொஞ்சம்தான்.

முதலில் டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும் கொழுப்பு ஏறும். அதைக் கவனிக்காமல் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரை கொடுத்தால் தசைவலி சுலபமாக வரும். மூன்றும் சரியென்றால் பரம்பரைக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். தடித்து, முண்டுமுண்டாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவர்களுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

மாத்திரைக் கணக்கு இப்படிப் போகும். அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 40 முதல் 80 மி.கி. எடுத்தால், 220 இருந்த எல்டிஎல் ஏறக்குறைய 110 ஆகும். அடைப்பு உள்ளவருக்கு இலக்கு 55-க்குக் கீழ். ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதைவிட எசெட்டிமைப் என்ற வேறு வகை கொழுப்பு மாத்திரையை 10 மி.கி. சேர்ப்பது மேல்: 110 சுமார் 88 ஆகும். அதற்கும் மேல் இறங்க பிசிஎஸ்கே9 ஊசி உண்டு, விலைதான் கையைக் கடிக்கும். ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனை. பலர் சறுக்குவது இங்கேதான்: ரிப்போர்ட் 'நார்மல்' என்றதும் மாத்திரையை நிறுத்துகிறார்கள், சில வாரங்களில் பழைய எண் திரும்பிவிடும். இரு தொடையும் வலித்தால் சிகே (தசைச் சிதைவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள்; சிறுநீர் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கழுத்துக் குழாயின் டாப்ளர் (ரத்த ஓட்ட ஸ்கேன்) ரிப்போர்ட்டில் 'பிஎஸ்வி' என்ற, ரத்தம் பாயும் உச்ச வேகத்தைத் தேடுங்கள். நொடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் 50 சதவீதத்துக்கு மேல் அடைப்பு, 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல். மறுபக்கக் குழாய் முழுதாக மூடியிருந்தால் இந்த வேகம் பொய்யாக ஏறும். சுண்ணாம்பு படிந்த இடம் நிழலடித்து மறையும். அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தால் சிடி ஆஞ்சியோவும் (ரத்தக் குழாயைக் காட்டும் சிடி ஸ்கேன்) எடுப்பது இதனால்தான்.

அடைப்பு இருந்தும் பக்கவாத அறிகுறி இல்லாதவர்களில் பலருக்கு ஸ்டாட்டின், ஆஸ்பிரின் 75 மி.கி., பிரஷர் கட்டுப்பாடு, புகையை விடுவது போதும். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுக்க விடாதீர்கள்.

ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தாற்போல் இருட்டி, ஐந்து நிமிடத்தில் தெளிந்தால்? கை மரத்து டம்ளர் நழுவினால், பேச்சு குழறினால்? தானாகச் சரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த அறிகுறிக்குக் காரணமான கழுத்துக் குழாயில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பிருந்தால், இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்தால்தான் முழுப் பலன்.