போர்ச்சுகலுக்கு முதல் தடவை போறீங்களா? விசால இருந்து சாப்பாடு வரைக்கும் ஒவ்வொரு ஸ்டெப்பா

நானும் அம்மாவும் மே மாசம் 12 நாள் போர்ச்சுகல் போயிட்டு வந்தோம். ஏஜென்ட் கிடையாது, டூர் பேக்கேஜ் கிடையாது, எல்லாம் நானே உக்காந்து பண்ணது. வந்ததுல இருந்து சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்கன்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸாப்ல தனித்தனியா டைப் பண்றதுக்கு பதிலா இங்கயே முழுசா எழுதிடுறேன். பெட்டி எப்படி கட்டணும், கரன்சி எங்க மாத்தணும் மாதிரி விஷயமெல்லாம் இதுல இல்ல, அது உங்களுக்கே தெரியும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நிறைய பேர் ஸ்பெயின் போயிட்டு வர்ற வழியில போர்ச்சுகலுக்கு 2 நாள் ஒதுக்குறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. சின்ன நாடுதான், ஆனா அவசரமா பாத்தா லிஸ்பன்ல கூட்டமும் ஏத்தமும் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். குறைஞ்சது 8 நாள் வைங்க.

ஸ்டெப் 1: விசா

போர்ச்சுகல் ஷெங்கன்ல இருக்கு, அதாவது ஒரே விசால போயிட்டு வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள் கூட்டத்துல. யூரோதான் காசு. ஷார்ட் ஸ்டே விசா எடுத்தா 180 நாளுக்குள்ள 90 நாள் வரைக்கும் இருக்கலாம். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுக்குத்தான் அப்ளை பண்ணணும், நாள் கணக்கு சமமா வந்தா முதல்ல எந்த நாட்டுக்குள்ள நுழையுறீங்களோ அந்த நாட்டுக்கு. ஃபீஸ் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ, விசா சென்டர் சர்வீஸ் சார்ஜ் தனி. இன்சூரன்ஸ் கவரேஜ் குறைஞ்சது 30,000 யூரோ இருக்கணும், பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள்ள கொடுத்ததா இருக்கணும், திரும்பி வர்ற தேதிக்கு அப்புறமும் 3 மாசம் வேலிடிட்டி வேணும்.

பயணத்துக்கு 6 மாசம் முன்னாடி இருந்தே அப்ளை பண்ணலாம். சென்னைல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதுதான் பெரிய வேலை, எனக்கு மூணு வாரம் தினமும் காலைல பாத்து பாத்துதான் கிடைச்சுது, அதனால லீவ் ஓகே ஆன அன்னிக்கே ஸ்லாட் தேட ஆரம்பிச்சுடுங்க. ஹோட்டல் எல்லாம் ஃப்ரீ கேன்சலேஷன்ல போடுங்க. கவர் லெட்டர்ல எந்த தேதி எந்த ஊர், எந்த ஹோட்டல், எந்த ரயில்னு நாள்வாரியா ஒரு பக்கத்துல எழுதி வைங்க. ஃபைல்ல எல்லாத்தையும் விட அந்த ஒரு பக்கம் தெளிவா இருக்கறது முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஏன்னா மத்த பேப்பரை எல்லாம் அதை வச்சுத்தான் சரிபார்ப்பாங்க.

(அப்டேட்: பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியா போறவங்க கேட்டிருந்தீங்க. இமிக்ரேஷன் முதல்ல இறங்குற ஷெங்கன் ஏர்போர்ட்லயே முடிஞ்சுடும், லிஸ்பன்ல கிடையாது. 2025 அக்டோபர் 12-ல இருந்து கைரேகை, முகம் பதிவு பண்ற புது முறையும் படிப்படியா வந்திருக்கு, அதனால கனெக்‌ஷன் ஃப்ளைட்டுக்கு நடுவுல 3 மணி நேரமாவது விடுங்க.)

ஸ்டெப் 2: ரூட் போடறது

எங்க ரூட்: லிஸ்பன் 5 நாள், கோயிம்பிரா 2, போர்ட்டோ 4, மிச்சம் பயணத்துக்கு. தெற்குல அல்கார்வ் கடற்கரைக்கு போகல, அட்லாண்டிக் தண்ணி ஆகஸ்ட்ல கூட ஜில்லுன்னுதான் இருக்கும்னு தெரிஞ்சதும் அம்மா வேண்டாம்னுட்டாங்க. ஏப்ரல்ல இருந்து ஜூன், இல்லன்னா செப்டம்பர், அக்டோபர் நல்ல நேரம். குளிர்காலத்துல போர்ட்டோல மழை நிறைய. லிஸ்பன், போர்ட்டோ ரெண்டு ஊர்லயும் நிறைய நடைபாதை கல் பதிச்சது, பல வருஷம் கால் பட்டு பட்டு வழவழன்னு ஆயிருக்கும், ஒரு தூறல் போட்டா வழுக்கும். நல்ல கிரிப் உள்ள ஷூ மட்டும் கண்டிப்பா வேணும்.

லிஸ்பன்ல பைஷான்னு கீழ ஒரு பகுதி, ஷியாடுன்னு மேல ஒரு பகுதி. 1755 நவம்பர் 1-ல பூகம்பம், சுனாமி, தீ மூணும் சேந்து ஊரை அழிச்சப்புறம், பொம்பால் பிரபு நேர் நேர் தெருவா திரும்ப கட்டுனதுதான் பைஷா. அங்க இருந்து ஷியாடு ஏறணும்னா செங்குத்தா ஏத்தம், முட்டிவலி உள்ளவங்களுக்கு கஷ்டம். பைஷா-ஷியாடு மெட்ரோ ஸ்டேஷனுக்கு ரெண்டு பக்கமும் வாசல் இருக்கு, கீழ் வாசல்ல நுழைஞ்சு எஸ்கலேட்டர்லயே மேல் வாசல் வந்துடலாம். அம்மா அஞ்சு நாளும் அப்படித்தான் ஏறுனாங்க.

ஸ்டெப் 3: போர்டு படிக்கக் கத்துக்கோங்க (நான் மாட்டுன இடம் இதுதான்)

மொழி தெரியாமலே சமாளிக்கலாம், டூரிஸ்ட் இடத்துல எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க. ஆனா கதவுல, கண்ணாடில, டிக்கெட்ல எழுதியிருக்கறத படிக்கத் தெரியலன்னா ஒரு நாள் வீணாப்போகும், எனக்கு போச்சு.

லிஸ்பன்ல பெலேம்ங்கற பகுதில ஜெரோனிமோஸ் மடம் பாக்கணும்னு ஆசைப்பட்டேன். 1500-கள்ல கட்ட ஆரம்பிச்சது, வாஸ்கோ ட காமா கல்லறை அங்க சர்ச்சுக்குள்ளதான் இருக்கு. முந்தின நாள் பாத்த ஒரு நேரப்பலகைல 2-ன்னு போட்டு மேல சின்னதா ஒரு எழுத்து, பக்கத்துல மூடியிருக்கும்னு அர்த்தம் வர்ற வார்த்தை. நாம திங்களை ஒண்ணுன்னு எண்ணுவோம், அப்ப 2 செவ்வாய், நாளைக்கு திங்கள்தானே போலாம்னு கிளம்பி 15-ஆம் நம்பர் டிராம்ல கூட்டத்துல நின்னுட்டே போய் இறங்கினா வாசல் சாத்தியிருக்கு.

விஷயம் என்னன்னா, போர்ச்சுகீஸ்ல வாரநாளுக்கு நம்பர்தான் பேரு. ஞாயிறு தொமிங்கு, அதாவது ஆண்டவரோட நாள், அதுதான் முதல் நாள். அதுக்கப்புறம் திங்கள் சிகுண்டா, ரெண்டாவது. செவ்வாய் டெர்சா, மூணாவது. புதன் குவார்ட்டா, வியாழன் கீன்ட்டா, வெள்ளி சேஷ்ட்டா, 4, 5, 6. சனி மட்டும் சபாது. நம்மள மாதிரி கிரகத்து பேர்ல கிழமை சொல்ற வழக்கத்தை கிறிஸ்தவத்துக்கு ஆகாதுன்னு 6-ஆம் நூற்றாண்டுல பிராகா ஊர் பிஷப் மார்ட்டின் எதிர்த்தாரு, அதுல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. ஆக 2-ன்னு போட்டா திங்கள். அங்க பெரிய மியூசியம், நினைவுச்சின்னம் நிறைய திங்கக்கிழமை லீவு. இந்த ஒரு கணக்கை பேப்பர்ல எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க. திங்கக்கிழமைய லிஸ்பன் பக்கத்துல இருக்கற சிந்த்ரா ஊருக்கு வைங்க, அங்க அரண்மனைங்க திங்களும் திறந்திருக்கும்.

இன்னொரு வார்த்தை, கதவுல 'புஷ்'னு வாசிக்கிற மாதிரி ஒண்ணு எழுதியிருப்பாங்க. அதுக்கு அர்த்தம் இழு. தள்ளாதீங்க.

இதெல்லாம் படிச்சு பயந்துடாதீங்க, நமக்கு பல வார்த்தை ஏற்கனவே தெரியும். லிஸ்பன்ல ஓரியென்ட் ஸ்டேஷன் கவுன்டர்ல சீட்டுக்கு அந்தம்மா "ஜனேலா?"ன்னு கேட்டாங்க, நான் போனை எடுத்து மொழிபெயர்ப்பு ஆப் தேடிட்டு இருக்கேன், அம்மா பின்னாடி இருந்து "ஆமா ஜன்னல்தான் வேணும்"னு தமிழ்லயே சொல்லிட்டாங்க, டிக்கெட்டும் ஜன்னல் சீட்டாவே வந்துடுச்சு. ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி, அன்னாசி எல்லாம் அங்க இருந்து நம்ம கரைக்கு வந்தது. இலங்கைத் தமிழர்கள் சொல்ற பாண், சப்பாத்து ரெண்டும் கூட. வார்த்தை அந்தப் பக்கமும் போயிருக்கு, 1554-லயே லிஸ்பன்ல தமிழை ரோமன் எழுத்துல போட்டு ஒரு புத்தகம் அச்சடிச்சிருக்காங்க. அதை நினைச்சுட்டு அந்த தெருவுல நடந்தப்ப எனக்கு மனசு நெறைஞ்சுது.

ஸ்டெப் 4: ரயில், மெட்ரோ

ஊருக்கு ஊர் போக ரயில்தான் என் சாய்ஸ். காரே எடுக்காதீங்க, பழைய ஊர் தெருக்கள்ல பார்க்கிங் பெரிய தலைவலி. சிபி-ங்கிற அரசு ரயில் ஆப் போதும், அதுக்கு மேல கமிஷன் வாங்குற ஆப் எதுவும் வேண்டாம். வேகமானது ஆல்ஃபா பெந்துலார், அடுத்தது இன்டர்சிடாடெஷ். லிஸ்பன்ல இருந்து போர்ட்டோ கிட்டத்தட்ட 3 மணி நேரம், சீக்கிரமா புக் பண்ணா நல்ல தள்ளுபடி.

கவனம், லிஸ்பன் ரயில் போர்ட்டோல நிக்கிறது கம்பஞா ஸ்டேஷன்ல, ஊருக்கு நடுவுல இல்ல. நடுவுல இருக்கறது சாவ் பென்ட்டு, அந்த நீலவெள்ளை டைல்ஸ் ஹால் போட்டோல பாத்திருப்பீங்க, சுமார் 20,000 டைல்ஸ். கம்பஞால இறங்கி லோக்கல் ரயில் மாறினா அஞ்சு நிமிஷம்தான், அந்த லாங் டிக்கெட்லயே போகலாம், தனியா டிக்கெட் எடுக்க வேண்டாம். டாக்சி பிடிக்காதீங்க.

லிஸ்பன்ல நாவெகான்ட்டெ கார்டு, 50 சென்ட், ஆளுக்கு ஒண்ணு. ரெண்டு பேர் ஒரே கார்டுல போக முடியாது. ஜாப்பிங்னு காசா ஏத்தி வச்சுக்கோங்க, மெட்ரோ, பஸ், டிராம், சிந்த்ரா ரயில் எல்லாத்துக்கும் அதுலயே கழியும். போர்ட்டோல கார்டு பேரு ஆந்தான்ட்டெ. அங்க மெட்ரோ ஸ்டேஷன்ல கேட் இருக்காது, மஞ்சள் மெஷின்தான். ஏறும்போது மட்டும் இல்ல, லைன் மாறும்போதும் திரும்ப காட்டணும். நேரம் மிச்சம் இருந்தாலும் காட்டலன்னா அபராதம்.

போர்ட்டோல ஒரு நாள் மிச்சம் இருந்தா டோரு ஆத்தோரமா பின்யாவ் வரைக்கும் போற ரயில்ல ஏறுங்க, போகும்போது வலது பக்க ஜன்னல். ரெண்டரை மணி நேரம், பாதி வழிக்கு மேல ஆறு ரயிலுக்கு பக்கத்துலயே கூட வரும், எதிர்ல மலை முழுக்க படிப்படியா திராட்சைத் தோட்டம். அம்மா போனை வெளியவே எடுக்கல.

ஸ்டெப் 5: சிந்த்ரா, பேனா அரண்மனை

லிஸ்பன்ல ரொசியோ ஸ்டேஷன்ல இருந்து 40 நிமிஷம். டிக்கெட்ல போட்டிருக்கற நேரம் அரண்மனை கதவுக்கு, பார்க் கேட்டுக்கு இல்ல. கேட்ல இருந்து கதவுக்கு ஏத்தத்துல அரை மணி நேரம் வைங்க. லேட் ஆனா உள்ள விடமாட்டாங்க. சிந்த்ரா ஸ்டேஷன்ல இருந்து மலைக்கு 434 பஸ், அதுக்கும் க்யூ நிக்கும். 11 மணி ஸ்லாட்டுன்னா 8:30-க்குள்ள ரொசியோல ரயில் ஏறிடுங்க. எல்லாத்தையும் விட முதல் ஸ்லாட் நல்லது, ரூம் ரூமா நின்னு பாக்கலாம்.

ஸ்டெப் 6: சாப்பாடு, முக்கியமா சைவம்

உக்காந்ததும் கேக்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய் கொண்டு வந்து வைப்பாங்க. சாப்பிட்டா பில்லுல வரும். வேண்டாம்னா தொடாம திருப்பிக் கொடுத்துடுங்க, அதுல தப்பே இல்ல.

அம்மா சுத்த சைவம். "சேம் கார்னெ", அதாவது மாமிசம் வேண்டாம்னு மட்டும் சொன்னா பத்தாது, அங்க நிறைய பேருக்கு மீன் அதுல சேராது, ஹாம்ங்கற பன்னிக்கறியையும் சில இடத்துல கணக்குல எடுக்கமாட்டாங்க. முதல் நாள் சாலட்ல டூனா வந்துச்சு. அப்புறம் "சேம் கார்னெ, சேம் பெய்ஷெ, சேம் ஃபியாம்ப்ரெ"ன்னு மாமிசம், மீன், ஹாம் மூணையும் சேத்து சொல்ல ஆரம்பிச்சோம், பிரச்சனை இல்ல. கால்து வெர்தெங்கற கீரை சூப்ல மேல பன்னி சாசேஜ் ஒரு துண்டு போடுவாங்க, பாத்துக்கோங்க. கண்ணாடி பெட்டில நம்ம சமோசா மாதிரியே ஷமூசான்னு இருக்கும், பெரும்பாலும் உள்ள கறி. பாஷ்டெல் தெ நாட்டா முட்டை போட்டது. காபிக்கு "கலாவ்"னு கேளுங்க, கண்ணாடி டம்ளர்ல நிறைய பாலோட வரும், அம்மாவுக்கு அதுதான் பிடிச்சுது.

சோறு வேணும்னா லிஸ்பன்ல மார்ட்டிம் மொனிஸ் பக்கம் போங்க, பருப்பு, அரிசி, மசாலா எல்லாம் கடைல கிடைக்கும். லுமியார் பகுதில ராதாகிருஷ்ணா கோவில் இருக்கு, மொசாம்பிக்ல இருந்து வந்த குஜராத்தி குடும்பங்கள் சேந்து கட்டுனது, அங்க சைவ கேன்டீனும் உண்டு.

கேள்விகள் வந்ததுக்கப்புறம் சேத்தது

ஏடிஎம்: மல்ட்டிபாங்கோன்னு எழுதியிருக்கற மெஷின்லயே எடுங்க. ரூபாய்ல கழிக்கவா யூரோல கழிக்கவான்னு கேட்டா யூரோ அமுக்குங்க, ரூபாய்னா ரேட் மோசமா இருக்கும். சின்ன கடைல வெளிநாட்டு கார்டு எடுக்காம போகலாம், 40, 50 யூரோ கைல இருக்கட்டும்.

ஸ்டிரைக்: ரயில் ஸ்டிரைக் அங்க அப்பப்ப நடக்கும், முன்னாடியே அறிவிப்பாங்க. "க்ரெவ்"ங்கற வார்த்தைய செய்தில, ஸ்டேஷன்ல பாத்தா உடனே பஸ் டிக்கெட் பாருங்க. ஃப்ளைட்டுக்கு அதே நாள்ல ரயில் பிடிச்சு வர்ற மாதிரி பிளான் போடாதீங்க, முந்தின ராத்திரியே லிஸ்பன் வந்துடுங்க.

நன்றி சொல்றது: ஆம்பளைங்க "ஒப்ரிகாடு", பொம்பளைங்க "ஒப்ரிகாடா". எதிர்ல இருக்கறவங்கள பாத்து மாத்தக் கூடாது, சொல்றவங்கள பொறுத்தது.

சைவம் பத்தி இன்னொருத்தர் சீஸ்ல ரென்னெட், அதாவது பாலை உறைய வைக்கிற பொருள், எதுல இருந்து வருதுன்னு கேட்டிருந்தாங்க. செர்ரா ட எஷ்ட்ரெலான்னு மலைப்பகுதி செம்மறி ஆட்டுப்பால் சீஸ் இருக்கு, அதை உறைய வைக்கிறது ஒரு முள்செடியோட ஊதாப் பூவை வச்சு, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது இல்ல. மேல்தோலை மூடி மாதிரி வெட்டிட்டு ஸ்பூன்ல எடுத்து ரொட்டில தடவிக்கணும், நெய் உருகி வர்ற பதத்துல இருக்கும். கோயிம்பிரால ஒரு சின்ன கடைல அந்தம்மா காஞ்ச பூவையே ஒரு டப்பால இருந்து எடுத்து அம்மா கைல வச்சு காட்டுனாங்க, அதுக்கப்புறம்தான் அம்மா வாங்குனாங்க.