சைக்கிள் சீட்டை நீங்களே மாட்டலாம்

புது சீட் வாங்கிவிட்டீர்களா? அதை மாட்டுவதற்காகச் சைக்கிளைக் கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டாம். ஒரு செட் ஆலன் கீ (பழைய மாடல் என்றால் ஸ்பேனர்), பழைய துணி, கொஞ்சம் கிரீஸ் இருந்தால் போதும். கொஞ்சம் நிதானம் வேண்டிய இடம் ஒன்றுதான்: சீட்டின் அடிக்கம்பிகளைக் கிளாம்ப் கவ்வும் இடம்.

முதலில் சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் இரண்டு கம்பிகள் ஓடும். இரும்பு, டைட்டானியம் கம்பிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் கனத்தில் உருண்டையாக இருக்கும். கார்பன் கம்பி என்றால் பெரும்பாலும் 7க்கு 9 என்ற முட்டை வடிவம். உருண்டைக் கம்பிக்காகச் செய்த கிளாம்பில், அதிலும் பக்கவாட்டில் இறுக்கும் வகையில், அதைத் திணித்தால் விரிசல் விடும். உங்கள் கிளாம்ப் பொருந்துமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய். அதை வெளியே உருவித் துடையுங்கள். பினாங்கில் இது முக்கியம். உப்புக் காற்றும் வேர்வையும் மழையும் சேர்ந்தால், இரும்பு ஃபிரேமுக்குள் இருக்கும் அலுமினிய போஸ்ட் அரித்துக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மெக்கானிக்கே திணறுவார். மெல்லிசாகக் கிரீஸ் தடவி மறுபடி இறக்குங்கள். போஸ்டோ ஃபிரேமோ கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று கார்பன் பேஸ்ட் இருக்கிறது. போஸ்டில் ஒரு எல்லைக்கோடு போட்டிருப்பார்கள். அது எப்போதும் ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும்.

இப்போது கிளாம்ப். பழைய மாடல் சைக்கிளில் போஸ்டின் மேல்முனை வெறும் குழாயாக இருக்கும். கிளாம்ப் தனி, இரண்டு பக்கமும் நட். 13 அல்லது 14 ஸ்பேனர் பொருந்தும். புது வகையில் கிளாம்ப் போஸ்டின் தலையிலேயே இருக்கும், போல்ட் ஒன்றோ இரண்டோ. எதுவானாலும் போல்ட்டை நன்றாகத் தளர்த்தி, மேல் தகட்டைத் தூக்கி, கம்பிகளைக் கீழ்ப் பள்ளத்தில் உட்கார வையுங்கள். அதன் மேல் தகட்டை மூடுங்கள்.

கம்பியின் நேரான பகுதியைத்தான் கிளாம்ப் பிடிக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் வளையும் இடத்தில் பிடித்தால் கம்பி நாளடைவில் உடையும். பல சீட்டுகளில் எல்லைக்கோடுகள் அச்சடித்திருக்கும். முதலில் நடுவில் வையுங்கள்.

பழைய கிளாம்பிலும் ஒற்றை போல்ட் வகை பலவற்றிலும் உள்ளே சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். சாய்வைச் சரிபார்த்த பிறகு, பல்லோடு பல் ஒழுங்காகப் பொருந்தியபின் இறுக்குங்கள். அரைகுறையாக மாட்டியிருக்கும்போதே முறுக்கினால் பற்கள் மழுங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சீட்டின் மூக்கு தொங்கும். இரண்டு போல்ட் வகையில் முன் போல்ட்டை இறுக்கினால் மூக்கு இறங்கும், பின் போல்ட்டை இறுக்கினால் ஏறும். ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி, கடைசியில் மாற்றி மாற்றிக் கொஞ்சங்கொஞ்சமாக முடியுங்கள். எவ்வளவு இறுக்கலாம் என்பது பல போஸ்டுகளிலேயே நியூட்டன் மீட்டர் கணக்கில் எழுதியிருக்கும். அந்த அளவைப் பார்த்து இறுக்க உதவும் டார்க் ஸ்பேனர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. ஆலன் கீயில் குழாய் செருகி பலம் காட்ட வேண்டாம்.

சாய்வு பார்க்க, சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு பலகை வைத்து, அதில் கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியைத் திறங்கள். சமதரை முக்கியம். ஐந்தடி நடைபாதையும் பிளாட் கார் பார்க்கும் லேசாகச் சரிந்திருக்கலாம், வீட்டுக்குள் டைல்ஸ் மேல் பாருங்கள். புதியவர்களுக்கு மட்டமாக இருந்தாலே போதும்.

உயரத்துக்கு எளிய வழி: உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கும். ஹேண்டில் எட்டவில்லை என்று சீட்டை முன்னே தள்ளுகிறவர்கள் நிறைய. அது தப்பு, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்ற வேண்டும்.

கிளம்புமுன் மூக்கையும் வாலையும் பிடித்துப் பலமாக ஆட்டுங்கள். முதல் ஓட்டத்துக்கு பாலிக் புலாவ் மேடு வேண்டாம், குயின்ஸ்பே பக்கமுள்ள கடலோரப் பாதை போதும். ஆலன் கீயைப் பையில் வையுங்கள். திரும்பி வந்ததும் போல்ட்டை மறுபடி சோதியுங்கள். கிறீச் சத்தம் வந்தால் கழற்றித் துடைத்து, போல்ட் மரையில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.